பனியா, புகையா: புவா ரூஜ் கரையில் ஒதுங்கிய இறக்கைத் துண்டு

2015 ஜூலை 30. காலை ஏழு மணிக்கெல்லாம் காரைக்காலிலிருந்து சித்தப்பாவின் போன்.

"என்னப்பா, காணாமப் போன பிளேன் உங்க ஊர்லதான் கெடச்சிருக்காமே? டிவியில போட்டுக் காட்டிக்கிட்டே இருக்கான். நீ போய்ப் பாத்தியா?"

"பிளேன் இல்ல சித்தப்பா. எறக்கையில ஒரு துண்டு."

"துண்டு அங்க வந்திருக்குன்னா மிச்சமும் அங்கதானே இருக்கும்?"

அன்றைக்கு எங்கள் தீவில் பாதிப் பேர் கேட்டது இதைத்தான். ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களும் கடல் பக்கம் கையைக் காட்டிக் காட்டி இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். தப்பான கேள்வி. ஆனால் முட்டாள்தனமான கேள்வி என்று சொல்ல மாட்டேன். 2014இல் காணாமல் போன மலேசிய ஏர்லைன்ஸ் விமானம் எம்எச்370 பற்றி இத்தனை ஆண்டுகளாக உலகம் பேசிவரும் பேச்சில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். அதை மொத்தமாகக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டால், அது எங்கிருந்து கிளம்பியது, எதில் உண்மையின் கூறு இருக்கிறது என்று பார்க்கவே முடியாது.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. ரியூனியன், மொரீஷியசுக்குத் தென்மேற்கே உள்ள பிரெஞ்சுத் தீவு. அதன் கிழக்குக் கரையில் செந்த் ஆந்த்ரே. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்ட வேலைக்கென்று புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் நிறைந்த ஊர். மல்பார் என்பது அவர்களுக்கு இங்கே வழங்கும் பெயர். வீட்டுப் பேச்சு கிரியோல், கோயிலில் தமிழ், ஆண்டுக்கு ஒருமுறை தீமிதி, தைப்பூசத்துக்குக் காவடி. தமிழை எழுதப் படிக்க விரும்புகிறவர்கள் சங்கங்கள் நடத்தும் வகுப்புக்கு வருவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை வகுப்பில் பாடம் சொல்பவன் நான்.

ஊரின் கடலோரத்தில் சர்க்கரை ஆலை இருக்கும் இடம் புவா ரூஜ். அங்கே மணல் கிடையாது. கறுத்த உருண்டைக் கற்கள்தான். அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசிக் கடகடவென்று உருளும் சத்தம் கரும்புக் கொல்லை வரைக்கும் கேட்கும். ஜூலை என்றால் வெட்டுக் காலம். கரும்பு ஏற்றிய பெரிய லாரிகள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். அவற்றை இங்கே கஷலோ, அதாவது திமிங்கலம், என்பார்கள். சக்கையை எரிக்கும் அனல்மின் நிலையத்தின் புகை ஒருபக்கம், மலையிலிருந்து இறங்கும் காலைப் பனி மறுபக்கம். புதிதாக வந்தவருக்கு எது எது என்று தெரியாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஜூலை 29 காலையில் அந்தக் கரையைத் துப்புரவு செய்துகொண்டிருந்த குழுவினர் கண்ணில்தான் அந்தத் துண்டு பட்டது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், ஓர் ஆள் உயரத்துக்கும் சற்று அதிகம். ஒரு விளிம்பு வழவழப்பாக வளைந்து முழுசாக இருந்தது. எதிர் விளிம்பு கிழிந்து, உள்ளே இருந்த தேன்கூடு போன்ற அடுக்கு தெரிந்தது. மேலெல்லாம் கொட்டலசு. காரைக்காலில் படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் சுரண்டுவார்களே, அந்தச் சாதிதான். ஆனால் இது காம்புள்ள வகை. சதைப்பற்றான காம்பின் நுனியில் வெளிர்சாம்பல் ஓடு, கொத்துக் கொத்தாக. மிதக்கும் பொருளில் தொற்றிக்கொண்டு நடுக்கடலில் வாழும் உயிர்.

அதன் பெயர் ஃபிளாப்பரான். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் பலகை. இறங்கும்போது வேகத்தைக் குறைக்கவும், பறக்கும்போது விமானத்தைச் சாய்த்துத் திருப்பவும் உதவுவது. உள்ளே '657 பிபி' என்று ஓர் எழுத்துக்குறி. உள்ளூர்ப் பத்திரிகைப் படம் இணையத்தில் ஏறிய சில மணி நேரத்துக்குள், அது போயிங் 777இன் வலது ஃபிளாப்பரானுக்கான குறி என்று விமானப் பராமரிப்புக் கையேட்டைப் புரட்டி எங்கெங்கோ இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பதவியும் சம்பளமும் இல்லாமல் செய்த ஊகம், சரியாகவே இருந்தது. அதிகாரப்பூர்வ உறுதிக்கு இன்னும் ஐந்து வாரம் ஆயிற்று.

அந்த ஐந்து வாரத்தில் எங்கள் தீவு தீவாக இல்லை. அடுத்த நாளே கிழிந்த சூட்கேஸ் ஒன்று கிடைத்தது. சீன எழுத்துள்ள தண்ணீர் பாட்டில், இந்தோனேசியக் கம்பெனியின் சோப்புத் திரவ பாட்டில், ஒரு கெட்டில் என்று வரிசையாய்ப் பொருள்கள். பத்து நாளைக்கு முன்னால் கண்ணில் பட்டிருந்தால் காலால் தள்ளிவிட்டுப் போயிருப்போம். இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு போலீஸ்காரர். விமானக் கதவு என்று பரபரப்பாகப் பேசப்பட்ட உலோகத் துண்டு ஒன்று கடைசியில் வீட்டு ஏணி என்று மலேசிய விமானத் துறைத் தலைவர் செய்தியாளர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. ஊரில் பல நாள் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், கடல் அத்தனை குப்பையையும் முன்பும் கொண்டுவந்துகொண்டுதான் இருந்தது. நாம் பார்க்கத் தொடங்கினோம், அவ்வளவுதான். தேடுகிற கண்ணுக்கு ஏணியும் இறக்கையாகும்.

இங்கே தமிழுக்குள் கொஞ்சம் போகிறேன். வகுப்பில் ஒரு மாணவி, "ருமர் என்பதற்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள். வதந்தி என்று எழுதினேன். பிறகு பக்கத்தில் புரளி. கீழே ஊகம். அதற்கும் கீழே அனுமானம். நான்கும் ஒன்றல்ல. வதந்தி காற்றில் வருவது, கிளப்பியவர் யாரென்று தெரியாது. புரளி யாரோ வேண்டுமென்றே கிளப்புவது. ஊகம் நம் மனம் போடும் கணக்கு. அனுமானத்துக்கோ பழைய தருக்க நூல்கள் வைத்த இலக்கணமே உண்டு: மலையில் புகை தெரிகிறது, புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, சமையலறையில் பார்த்திருக்கிறோம், ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது. அதே நூல்கள் எச்சரிக்கையும் சொல்கின்றன. தூரத்தில் தெரிவது பனியாகவோ தூசியாகவோ இருந்தால் அனுமானம் முழுவதும் சரிந்துவிடும். 'நெருப்பில்லாமல் புகையாது' என்று ஊரில் சொல்கிறவர்கள் இந்தப் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

விமானம் காணாமல் போன முதல் வாரத்துக்குப் போவோம், ஏனென்றால் எல்லாப் புகையும் அங்கேதான் கிளம்பியது. 2014 மார்ச் 8, நள்ளிரவு தாண்டி 12.42க்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்கு விமானம் புறப்பட்டது. பயணிகள் 227, ஊழியர்கள் 12. பாதிக்கு மேல் சீனர்கள். மலேசியர் 38 பேர், இந்தியர் ஐந்து பேர், பிரெஞ்சுக்காரர் நான்கு பேர். 1.19க்கு விமானி அறையிலிருந்து "குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஜீரோ" என்ற குரல். இரண்டு நிமிடத்தில், மலேசிய வான்வெளியை விட்டு வியட்நாம் வான்வெளிக்குள் நுழையும் இடத்தில், கட்டுப்பாட்டு அறையின் திரையிலிருந்து அதன் குறி மறைந்தது.

திரையிலிருந்து மறைவது வேறு, வானிலிருந்து மறைவது வேறு. பயணிகள் விமானத்தைக் கட்டுப்பாட்டு அறை பார்க்கும் விதம், வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது போன்றது. உள்ளே இருப்பவர் குரல் கொடுத்தால்தான் இருக்கிறார் என்று தெரியும். டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி கொடுப்பது அந்தப் பதில் குரல். ராணுவ ரேடார் அப்படியல்ல. இருட்டில் டார்ச் அடித்து, ஒளி பட்டுத் திரும்புவதை வைத்து அங்கே ஏதோ இருக்கிறது என்று காண்பது. அந்த டார்ச் வெளிச்சத்தில் விமானம் பட்டிருந்தது. திரும்பித் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்கு அருகே வளைந்து, மலாக்கா நீரிணைக்கு மேலாக வடமேற்கே போயிருக்கிறது. 2.22க்குக் கடைசிப் பதிவு. ஆனால் தென்சீனக் கடலில் எண்ணெய்ப் படலம் தெரிந்தது, ஏதோ மிதந்தது என்று தேடியது மார்ச் 15 வரை நிற்கவில்லை. பாதி உலகம் ஒரு வாரம் வேறு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு வாரத்தில் வெளிவந்த செய்திகளைப் பாருங்கள். இருவர் திருட்டுப் பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தார்கள் என்றதும் பயங்கரவாதம் என்றார்கள். கடைசியில் அவர்கள் ஐரோப்பாவில் தஞ்சம் புக நினைத்த ஈரானிய இளைஞர்கள். விமானியறையிலிருந்து வந்த கடைசி வார்த்தைகள் என்று முதலில் சொன்னது "ஆல்ரைட், குட் நைட்". மூன்று வாரத்துக்கு மேல் கழித்து வெளியான எழுத்துப் பதிவில் அது வேறாக இருந்தது. 45,000 அடிக்கு ஏறியது, பிறகு சடாரென்று இறங்கியது என்றார்கள். ராணுவ ரேடாரின் உயரக் கணக்கை நம்ப முடியாது என்று பின்னர் அதுவும் போயிற்று. காணாமல் போனவர்களின் கைப்பேசி மணி அடித்ததாக உறவினர்கள் சொன்னார்கள். அடித்தது மறுமுனையில் அல்ல. இணைப்பைத் தேடும்போது அழைப்பவர் காதில் நெட்வொர்க்கே எழுப்பும் ஒலி அது. ஆனால் மகனின் போன் மணி அடிக்கிறது என்று நம்பும் ஒரு தாயிடம் இதை எப்படிச் சொல்வது? இதற்கிடையில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் போமோ எனப்படும் மலாய் மந்திரவாதி ஒருவர் தேங்காய்களை வைத்துக்கொண்டு, மூங்கில் குழாய்களைத் தொலைநோக்கி போலப் பிடித்து விமானத்தைத் தேடினார். நாமும் எதற்கெடுத்தாலும் தேங்காய் உடைக்கிறவர்கள்தான், அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதிகாரிகள் சொன்னதும் அவர் சொன்னதும் அந்த வாரத்தில் ஒரே தரத்தில்தான் இருந்தன என்பது வேறு விஷயம்.

ஒவ்வொரு திருத்தமும் ஒரு பொய்யை மறைக்க வந்தது என்று நான் நினைக்கவில்லை. குழப்பம்தான் பெரும்பாலும். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, மூன்று முறை மாற்றிச் சொன்னவர் நான்காவது முறை உண்மை சொன்னாலும் அது நான்காவது கதைதான்.

நான்காவது முறை சொன்னதோ சாதாரண மனிதரால் சரிபார்க்கவே முடியாத ஒன்று. மார்ச் 24 இரவு மலேசியப் பிரதமர் நஜீப் ரசாக், விமானம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்றார். ஒரு சிதறலும் கிடைக்கவில்லை, ஓர் உடலும் கிடைக்கவில்லை. ஆதாரம், ஒரு செயற்கைக்கோளின் கணக்கு. இதைப் பொறுமையாக விளக்க வேண்டும், ஏனென்றால் இங்கே தவறவிட்டவர்களே கசகஸ்தான் வரைக்கும் போய்விட்டார்கள்.

விமானத்தின் கூரையில் இருந்த ஒரு கருவி, இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோளோடு பேசும். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நிற்கும் கோள் அது. ஒரு மணி நேரம் எந்தப் பேச்சும் இல்லையென்றால் தரை நிலையம், 'இருக்கிறாயா?' என்று கேட்கும். கருவி, 'இருக்கிறேன்' என்று சொல்லும். இடம், வேகம், திசை எதுவும் சொல்லாது. 2.25க்கு அந்தக் கருவி மறுபடி உயிர்பெற்றுத் தொடர்பு கொண்டது. பிறகு 3.41, 4.41, 5.41, 6.41 என்று மணிக்கொரு தடவை கேள்வியும் பதிலும். அடுத்தது 7.41க்கு வரவில்லையே, 8.11க்குத்தானே வந்தது, யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இடையில் 7.13க்குத் தரையிலிருந்து விமானத்துக்கு ஒரு போன் போட்டுப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. ஆனால் அந்த அழைப்பே ஒரு மணி நேரக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வைத்துவிட்டது. கடைசியாக 8.19க்குக் கருவி தானாகவே மீண்டும் தொடர்பு கேட்டது. எரிபொருள் தீர்ந்து மின்சாரம் நின்று, சிறிய துணை எந்திரம் சிறிது நேரம் உயிர் கொடுத்திருந்தால் அப்படி நடக்கும். அதற்குப் பிறகு மௌனம். புறப்பட்டு 7 மணி 37 நிமிடம்.

இடம் சொல்லாத பதிலிலிருந்து இடத்தை எப்படி எடுத்தார்கள்? மின்னலைப் பார்த்து, இடி கேட்கும்வரை எண்ணுவோமே, அதேபோல. பதில் வர ஆன நேரத்தைக் கொண்டு விமானம் கோளிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியும். எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால் கிடைப்பது ஒரு புள்ளியல்ல, பூமியின் மேல் ஒரு வட்டம். அந்த வட்டத்தின் வடக்குப் பாதி மத்திய ஆசியா பக்கம் போகும். தெற்குப் பாதி ஆளில்லாக் கடலில் போகும். முதலில் இரண்டையும் சொன்னார்கள், 26 நாடுகள் தேடலில் இறங்கின. கசகஸ்தான் கதைகள் இந்த வடக்குப் பாதியில் பிறந்தவை. பிறகு பதிலின் அலைவரிசையில் இருந்த நுணுக்கமான மாற்றத்தைப் பார்த்தார்கள். நம்மை நோக்கி வரும் ரயிலின் கூவல் கூர்மையாகவும், கடந்து போகும்போது மந்தமாகவும் கேட்பதுபோல. அதே வகை விமானங்களின் அன்றைய பயணங்களோடு ஒப்பிட்டதில் தெற்கே போனால்தான் கணக்கு ஒத்துவந்தது. கடைசிப் பதிலின் வட்டத்துண்டுக்கு ஏழாவது வளைவு என்று பெயர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம். விமானம் அந்தக் கோட்டுக்கு அருகில் எங்கோ இருக்கிறது, எங்கே என்பதுதான் இன்றுவரை கேள்வி.

மூலத் தரவை மே 27 வரை வெளியிடவில்லை. இரண்டரை மாத மூடுமந்திரம் என்று நான் சொல்வேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வெளியிட்ட பிறகு என்ன நடந்தது? உலகத்தின் பல மூலைகளிலிருந்த பொறியாளர்களும் கணித ஆர்வலர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து தாங்களே கணக்குப் போட்டு, தெற்குதான் என்று சொன்னார்கள். அதிகாரிகள் தேடிய இடம் சரியா என்று வாதாடினார்கள். அவர்கள் செய்ததும் ஊகம்தான். தரவு கையில் இருந்ததால் அது அனுமானமாயிற்று.

இனி எங்கள் பக்கத்துப் பேச்சு. தியெகோ கார்சியா. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் அமெரிக்க ராணுவத் தளம் உள்ள தீவு. விமானத்தைக் கடத்தி அங்கே இறக்கிவிட்டார்கள், இல்லை, சுட்டுவிட்டார்கள் என்பது கதை. மாலத்தீவில் ஒரு தீவினர் அன்று காலை தாழப் பறந்த பெரிய விமானத்தைக் கண்டதாகச் சொன்னதும் இதில் வந்து ஒட்டிக்கொண்டது. என் பக்கத்து வீட்டில் கிராமூன் ஒருவர் இருந்தார். பெரியவர்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்போம். அவர் மனைவி மொரீஷியஸ்காரர், சாகோஸ் ஜனங்களோடு பழகியவர். "அந்தத் தீவில் இருந்த மொத்த ஜனத்தையும் கப்பலில் ஏற்றி எங்கள் ஊரில் கொட்டிவிட்டு, அங்கே குடிகளே இல்லை என்று உலகத்திடம் சொன்னார்கள். அவர்கள் ஒரு விமானத்தை மறைக்க மாட்டார்களா?" என்று கேட்டார். 1968க்கும் 1973க்கும் இடையில் பிரிட்டன் அந்த மக்களை மொரீஷியசுக்கும் சேஷெல்சுக்கும் வெளியேற்றியது வரலாறு. கேள்விக்குப் பின்னால் இருப்பது அறியாமை அல்ல, அனுபவம். ஆனாலும் பதில் இல்லைதான். செயற்கைக்கோள் தூரக் கணக்குக்கு அந்தத் தீவு ஒத்துவரவில்லை. நெருப்பு ஒரு காலத்தில் உண்மையாகவே எரிந்தது, இன்று தெரிவது அதன் புகை அல்ல.

சரக்கு பற்றிய பேச்சு இன்னும் சுவையானது. விமானத்தில் 4,566 கிலோ மங்குஸ்தான் பழம் போயிற்று. கூடவே 2,453 கிலோ எடையுள்ள ஒரு சரக்கு. அதில் 221 கிலோ லித்தியம் அயன் பேட்டரி. மார்ச் மாதத்தில் மங்குஸ்தானா, பருவமே இல்லையே என்று பிடித்துக்கொண்டார்கள். ஜோகூர் மாநிலத்தின் முவார் பக்கம் அப்போது பருவம் இருந்தது என்று விசாரணை அறிக்கை பதில் எழுதியது. பழச்சாறு பேட்டரியில் பட்டால் தீப்பிடிக்குமா என்றுகூட ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். வாய்ப்பு மிகக் குறைவு என்று முடித்தார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே மதிப்பும் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று விட்டுவிடாமல், ஒரு பேச்சை எடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களே. தீ என்னும் ஊகத்துக்கு இருக்கும் உண்மையான சிக்கல் பழத்தில் இல்லை. தொடர்புக் கருவிகளைச் சாகடிக்கும் அளவுக்கு எரிந்த தீ, பலமுறை திரும்பி ஏழு மணி நேரத்துக்கு மேல் பறக்க விமானத்தை விட்டுவைத்தது எப்படி?

விமானி மீதான சந்தேகம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்பட்டது. அவர் வீட்டில் இருந்த பறக்கும் பயிற்சிக் கருவியின் நினைவகத்தில் தெற்கு இந்தியப் பெருங்கடலை நோக்கிய சில புள்ளிகள் இருந்தன என்பது பதிவான உண்மை. 2018 ஜூலையில் வெளியான இறுதி அறிக்கை, விமானம் திரும்பியது தானியங்கி முறையில் அல்ல, கையால் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்றது. விமானிகளின் நடத்தையில் வித்தியாசம் எதுவும் காணவில்லை என்றது. மூன்றாவது ஆள் தலையீட்டை மறுக்க முடியாது என்றது. ஏன் காணாமல் போனது என்று தங்களால் தீர்மானிக்க முடியவில்லை என்றும் எழுதியது. நான் இதில் நிறுத்திக்கொள்கிறேன். பதில் சொல்ல வராத ஒருவரைப் பற்றி இதற்குமேல் அடித்துச் சொல்ல எவரிடமும் சரக்கு இல்லை.

மறுபடியும் எங்கள் கரைக்கு வருவோம். 508 நாள், சுமார் 4,000 கிலோமீட்டர். நாளுக்கு எட்டு கிலோமீட்டர், வயதானவர் காலை நடை போவதைப் போல. அவுஸ்திரேலியாவுக்கு மேற்கே உள்ள நீர் வடக்கே ஏறி, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மேற்கு நோக்கி ஓடும் நீரோட்டத்தில் சேர்ந்து, மடகாஸ்கரை நோக்கி வரும். அந்த வழியில் தலையை நீட்டிக்கொண்டிருப்பவை மூன்று தீவுகள்: ரொட்ரிக்ஸ், மொரீஷியஸ், ரியூனியன். சித்தப்பாவின் கேள்விக்கு இதுதான் பதில். துண்டு இங்கே வந்ததால்தான் மிச்சம் இங்கே இல்லை என்று தெரிகிறது. அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் உண்மையான 777 ஃபிளாப்பரான் ஒன்றை வாங்கி, இதே மாதிரி வெட்டி, கடலில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். காற்று அதை எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டதில், ஏழாவது வளைவில் 35 பாகை தெற்கு அட்சரேகை அருகே என்று கைகாட்டியது.

இதற்கும் பேச்சு ஓயவில்லை. கிடைத்த பாகத்தில் பெயர்த் தகடு இல்லையே, யாரோ கொண்டுவந்து போட்டதுதானே என்றார்கள். 2015 ஆகஸ்ட் 5 இரவு மலேசியப் பிரதமர் உறுதி என்றார். அதே இரவு பாரிஸ் அரசு வழக்கறிஞர் தரப்பு 'மிக வலுவான யூகம்' என்று மட்டும் சொன்னது. நான்கு பிரெஞ்சுக்காரர் இருந்ததால் பிரான்சில் நீதி விசாரணை நடந்தது. பாகம் துலூஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனது அதனால்தான். பிரெஞ்சு நீதிமன்ற நடையில் யூகம் என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. தமிழ்த் தொலைக்காட்சி அதை 'சந்தேகம்' என்று மொழிபெயர்த்ததை நானே பார்த்தேன். செப்டம்பர் 3 அன்று, உள்ளே இருந்த எண்ணை ஸ்பெயினில் அதைச் செய்தவர்களின் பதிவோடு ஒப்பிட்டு, ஐயமில்லை என்றார்கள். ஐந்து வார இடைவெளியில் புகுந்த கதை அதற்குள் வளர்ந்துவிட்டிருந்தது.

கொட்டலசு விஷயத்தில் மட்டும் உண்மையாகவே ஒரு முடிச்சு இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வில் மிதக்கவிட்டபோது பாகத்தின் ஒரு பகுதி நீருக்கு மேலே நிற்பதைக் கண்டார்கள். கொட்டலசோ எல்லாப் பக்கமும் இருந்தது. நீரில்லாத இடத்தில் அது வாழாது. அலையில் புரண்டுகொண்டே வந்திருக்கலாம், நீர் ஊறி ஆழமாக மிதந்திருக்கலாம். 'கொண்டுவந்து போட்டார்கள்' என்பவர்கள் இதைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆனால் யோசியுங்கள்: நடுக்கடலில் மாதக்கணக்கில் கொட்டலசு வளர்த்து, பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த கற்கரையில் வீசிவிட்டு, துப்புரவுக்காரர் கண்ணில் படட்டும் என்று காத்திருக்க வேண்டும். அதோடு முடியாது. மொசாம்பிக், தென்னாப்பிரிக்காவின் மொசல் பே, ரொட்ரிக்ஸ், தான்சானியாவின் பெம்பா என்று 2016 முழுக்கக் கிடைத்த துண்டுகளையும் அதே ஆள் வீச வேண்டும். எதைக் காட்டினாலும் 'அதுவும் அவர்கள் வேலைதான்' என்று விழுங்கிக்கொள்ளும் ஊகத்தோடு வாதாட வழியில்லை, ஏனென்றால் அது எதனால் பொய்யாகும் என்று அதனிடமே பதில் கிடையாது.

விமானம் கிடைத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்பவர்களுக்கு எங்கள் கடலிலேயே வேறொரு கதை உண்டு. 1987 நவம்பர் 28, தைப்பேயிலிருந்து மொரீஷியஸ் வழியாக ஜோகன்னஸ்பர்க் போக வேண்டிய தென்னாப்பிரிக்க விமானம் ஹெல்டர்பெர்க், சரக்குப் பகுதியில் தீப்பிடித்து மொரீஷியசுக்கு வடகிழக்கே விழுந்தது. 159 பேர். நாலாயிரம் மீட்டருக்கும் ஆழத்தில் சிதைவைக் கண்டுபிடித்தார்கள். 1989 ஜனவரியில் குரல் பதிவுப் பெட்டியை 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். எது எரிந்தது என்று மட்டும் தெரியவில்லை. நிறவெறி அரசு, ஆயுதத் தடை, ரகசியச் சரக்கு என்று பேச்சு கிளம்பி, 1998இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் வரை போனது. பொய் சொல்லிப் பழகிய அரசு அது. அதன் விமானத்தின் தீயைப் பற்றி மக்கள் என்ன நினைப்பார்கள்?

தேடல் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2017 ஜனவரி வரை 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைச் சல்லடை போட்டார்கள். சுமார் 20 கோடி அவுஸ்திரேலிய டாலர் செலவு. 2018இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம், கிடைத்தால்தான் காசு என்ற ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் தேடியது. 2025 மார்ச்சில் அதே நிறுவனத்தோடு 15,000 சதுர கிலோமீட்டருக்கு, 7 கோடி அமெரிக்க டாலருக்கு, மறுபடி ஒப்பந்தம். இவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையா என்று சந்தேகிப்பவர்கள் ஏர் பிரான்ஸ் 447ஐ நினைக்க வேண்டும். 2009 ஜூனில் அட்லாண்டிக்கில் விழுந்து, சில நாளிலேயே சிதறல்கள் கிடைத்தும், விமானத்தின் உடல் பகுதியைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆயிற்று. எம்எச்370க்கான தேடலில் விமானத்துக்குப் பதில் கிடைத்தவை 19ஆம் நூற்றாண்டுக் கப்பல்கள் இரண்டு. எங்கள் ஊர்க்காரர்களின் முப்பாட்டன்கள் கப்பலேறிய காலத்தவை. அவற்றையும் கரையில் யாரோ எதிர்பார்த்து நின்றிருப்பார்கள்.

அந்த நான்கு சொற்களைப் பலகையில் எழுதிய அடுத்த சனிக்கிழமை, ஒரு பையன் பிளாஸ்டிக் பையில் எதையோ சுற்றி எடுத்து வந்தான். ஷாம் போர்ன் பக்கம், புயலில் இடிந்த பழைய மாதா கோயிலுக்குக் கீழே கண்டெடுத்ததாம். கைப்பந்து அளவு கறுத்த மிதவை, ஒருபக்கம் காய்ந்த கொட்டலசு. வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டது. எங்கிருந்து வந்திருக்கும் என்று ஆளுக்கொரு வரி தமிழில் எழுதச் சொன்னேன். மலேசியா என்று நான்கு பேர். மடகாஸ்கர் என்று இரண்டு பேர். ஒருத்தி மட்டும் 'மீன்பிடிக் கப்பல்' என்று எழுதினாள், அதையும் எழுத்துப் பிழையோடு. பிறகு மிதவையைத் திருப்பினோம். அடியில் தேய்ந்துபோன நாலு எழுத்து இருந்தது. கொரிய மொழி என்றாள் அவள். இல்லை, சீனம் என்றான் கொண்டுவந்தவன். சன்னல் பக்கம் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.